பழைய நீதிபதியின் பெட்டியை எங்கிருந்து பிரிப்பது? டேவிட் டேவிஸ் குடும்பக் காகிதங்களை வைத்து ஒரு வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வக்கீல் ஒருவரின் காகிதங்களைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நேராகப் பெரிய வழக்கைத் தேடிப் போகிறார்கள். அவர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பு, அவருக்கு வந்த பெரிய மனிதர்களின் கடிதங்கள். இரண்டு நாள் கழித்து, அச்சில் ஏற்கெனவே வந்துவிட்ட விஷயங்களையே கையெழுத்தில் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிகிறது. ஆர்வம் வடிந்துவிடுகிறது.

என் யோசனை தலைகீழானது. வீட்டிலிருந்து தொடங்குங்கள். மனைவிக்கு எழுதிய கடிதங்கள், மாமனாருக்கு எழுதியவை, மளிகைக் கணக்கு. ஏன் என்பதை ஓர் உண்மையான ஆளை வைத்தே சொல்கிறேன்.

ஆள் டேவிட் டேவிஸ். இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் ஊர்க்காரர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர், 1860-இல் சிகாகோ மாநாட்டில் லிங்கனை வேட்பாளராக்க ஓடியாடியவர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. அவருடைய குடும்பக் காகிதங்களின் பெரும்பகுதி ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஆபிரகாம் லிங்கன் நூலகத்தில் இருக்கிறது. இங்கே சொல்லும் வழிமுறை அந்தக் காலத்து எந்த வக்கீலின் கட்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு பக்கக் காலவரிசை

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஆளின் வாழ்க்கையை எழுதிக்கொள்ளுங்கள். என்ன சாதித்தார் என்பது இப்போது வேண்டாம். எந்த ஆண்டு எங்கே இருந்தார், அப்போது வீட்டில் யார் யார் என்பது போதும். டேவிஸுக்கு இப்படி வரும்: 1815-இல் மேரிலாண்டில் பிறப்பு. 1832-இல் ஒஹாயோவின் கென்யன் கல்லூரியில் பட்டம். மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் ஊரில் ஒரு வக்கீலிடம் சட்டம் பயின்றார். 1835-இல் இல்லினாய், முதலில் பீக்கின், அடுத்த ஆண்டு புளூமிங்டன். 1838-இல் லெனாக்ஸ் பெண் சாரா வாக்கருடன் கல்யாணம். 1844-இல் மாநிலச் சட்டமன்றம். 1848 முதல் 1862 வரை எட்டாவது சர்க்யூட் (ஊர் ஊராகச் சுற்றி வரும் நீதிமன்றம்) நீதிபதி. 1862 முதல் 1877 வரை உச்ச நீதிமன்றம். அப்புறம் 1883 வரை செனட்டர். 1886-இல் மறைவு.

இதில் இரண்டு வரிகளுக்குச் சிவப்பு மை. சாரா 1879-இல் இறந்துவிட்டார். 1883-இல் டேவிஸ் மறுமணம் செய்துகொண்டார். ஆக 1884-ஆம் ஆண்டுக் கடிதத்தில் ‘மிஸஸ் டேவிஸ்’ என்று வந்தால் அது சாரா இல்லை. மகளின் பெயரும் சாரா. வீட்டில் சாலி என்று கூப்பிடுவார்கள். இறந்துபோன அப்பாவின் பெயரும் டேவிட் டேவிஸ்தான். இதற்கு மேல் ஹென்றி வின்டர் டேவிஸ் என்று மேரிலாண்டுக்காரர், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர், இவருடைய சித்தப்பா பெரியப்பா வழி உறவு. வெறும் ‘டேவிஸ்’ என்று குறித்த உறையைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தேதியில்லாத கடிதத்துக்கும் இந்தத் தாள்தான் கைகொடுக்கும். ‘செனட் கூட்டம் நீண்டுவிட்டது, நீ லெனாக்ஸிலேயே இரு’ என்கிற மாதிரி சாராவுக்கு எழுதிய ஒரு வரி வந்தால், அது 1877-க்கும் 1879-க்கும் இடையே என்று காலவரிசையே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: அட்டவணையைப் படிப்பது

காப்பகங்கள் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் அட்டவணை வைத்திருக்கும். ‘ஃபைண்டிங் எய்ட்’ என்பார்கள். தொகுப்பு எத்தனை அடி நீளம் என்று போட்டிருப்பார்கள். பெட்டிகளை அலமாரியில் வரிசையாக வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதுதான் அந்த அளவு. அதன்கீழ் பிரிவு, பெட்டி, கோப்பு என்று இறங்கும். பெயர்ப்பட்டியலுக்குப் பாய்வதற்கு முன், தொகுப்பு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்ற பத்தியைப் படித்துவிடுங்கள். குடும்பத்தார் கொடுத்ததா, ஏலத்தில் வாங்கியதா, ஒரே தடவையில் வந்ததா? பேரப்பிள்ளைகள் கொடுத்தது என்றால், கொடுப்பதற்கு முன் யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருப்பார்கள். எதை எடுத்துவிட்டார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் படி: மனைவியின் கட்டு

ஒருவரின் காகிதப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டன. கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான், ஆனால் பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. ஆயிரம் கடிதம் படித்தும் ஆளின் குரல் ஒருமுறைகூடக் கேட்டிருக்காது.

குரல் எங்கே கேட்கும்? மனைவி பத்திரப்படுத்தியதில். சர்க்யூட் நீதிபதி என்றால் ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று, ஒவ்வொன்றும் வாரக்கணக்கில். எட்டாவது சர்க்யூட்டில் ஒரு கட்டத்தில் 14 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) இருந்தன. நீதிபதி குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போவார், லிங்கன் உள்ளிட்ட வக்கீல்கள் கூடவே போவார்கள், ஒரே விடுதியில் தங்குவார்கள். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். டேவிஸ் 300 பவுண்டுக்கு மேல் எடை. சேற்றுப் பாதை, மோசமான சாப்பாடு, அழுக்குப் படுக்கை எல்லாவற்றையும் அவர் சாராவுக்கு எழுதித் தீர்த்தார். கோர்ட் ரெக்கார்டில் இவற்றுக்கெல்லாம் ஏது இடம்? லிங்கனின் சர்க்யூட் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடிதங்களைத் தேடி வருவதும் இதற்காகத்தான்.

குடும்பக் காகிதமும் தொழில் காகிதமும் ஒரே தொகுப்பாக இருப்பது இங்கே பெரிய வசதி. சாராவின் அப்பாவும் நீதிபதி, லெனாக்ஸில். மாமனாருக்கு மாப்பிள்ளை எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்பு, நில விலை, வழக்கு, அரசியல் நாலும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதைக் குடும்பம் என்பதா, தொழில் என்பதா? அட்டவணை ஏதோ ஒரு பக்கம் போட்டிருக்கும். நீங்கள் இரண்டு பக்கமும் பாருங்கள்.

உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். ‘பிரதர்’ என்றால் மைத்துனராக இருக்கலாம், ஒரே சபையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ‘மதர்’ என்றால் மாமியாராகவும் இருக்கலாம். மச்சான், சகலை, கொழுந்தன் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

நான்காம் படி: கடிதத்தின் வெளிப்பக்கம்

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் தாளைத் திருப்பிப் பாருங்கள். 1845-க்கு முந்தைய கடிதம் என்றால் பெரும்பாலும் தனி உறை இருக்காது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளியே விலாசம் எழுதியிருப்பார்கள். காரணம் காசு. அப்போது தபால் கட்டணம் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. 400 மைலுக்கு மேல் என்றால் ஒரு தாளுக்கு 25 சென்ட். புளூமிங்டனிலிருந்து லெனாக்ஸ் அந்தத் தூரத்தைத் தாண்டும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு, 50 சென்ட். அதைக்கூடப் பெறுகிறவரே கட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. விலாசத்தின் மூலையில் கையால் எழுதிய ‘25’ என்ற எண் கட்டணம்தான். கடிதத்தின் வரிசை எண் என்று குறித்துவைத்து ஏமாறாதீர்கள்.

அதனால்தான் சிலர் பக்கம் முழுக்க எழுதியபின் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதினார்கள். முதலில் பார்த்தால் வலைக்கம்பி மாதிரி இருக்கும். ஒரு சின்ன உபாயம்: நேரே பார்க்காமல் தாளைக் கண் மட்டத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். உங்களை நோக்கி ஓடும் வரிகள் எடுப்பாகத் தெரியும், குறுக்கு வரிகள் மங்கிவிடும். கணினித் திரையில் என்றால் படத்தைத் திருப்பி, ஒரு வரி மட்டும் தெரியும்படி மேலும் கீழும் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1845-இல் கட்டணம் எடைக்கு மாறியது: அரை அவுன்ஸுக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10. நாடு முழுவதற்குமான தபால்தலை 1847-இல் வந்தது. 1851-இல் முன்கூட்டிக் கட்டினால் 3 சென்ட், 3,000 மைல் வரை. கடிதங்கள் நீளமாவதையும், உறைகள் தோன்றுவதையும், அற்ப விஷயங்களுக்குக்கூடக் கடிதம் போடத் தொடங்குவதையும் பெட்டியிலேயே பார்க்கலாம். ஆள் திடீரென வாயாடியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தபால் மலிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: கையெழுத்து

முதல் நாள் ஒன்றும் புரியாது. மூன்றாம் நாள் புரியத் தொடங்கும். ஒரே ஆளின் கடிதங்களைத் தொடர்ந்து படியுங்கள். ஆள் மாறி மாறிப் படித்தால் கண் பழகாது. தேதி, ஊர், முடிவு வாசகம் இவற்றில் என்ன இருக்கும் என்று நமக்கே தெரியும். அங்கிருந்து எழுத்துகளின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

சில பொறிகள். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீளமாக, எஃப் மாதிரி இழுத்து எழுதும் பழக்கம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. ‘மிஸ்’ என்பது ‘மிஃப்ஸ்’ என்று தெரியும். பெயர்ச்சுருக்கங்களில் ஜே-என்-ஓ என்றால் ஜான், ஜோனாதன் இல்லை. டபிள்யூவுக்குப் பக்கத்தில் மேலே சின்னதாக எம் இருந்தால் வில்லியம். கணக்குகளில் வரிக்கு வரி வரும் டி-ஓ என்ற இரண்டெழுத்து, ‘மேற்படி’ என்பதன் சுருக்கம்.

தேதிகளில் மூன்று சுருக்கங்கள் வரும். ‘இன்ஸ்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம், ‘ப்ராக்ஸ்’ என்றால் அடுத்த மாதம். ஜனவரி 5-ஆம் தேதிக் கடிதத்தில் ‘28 அல்ட் கடிதம் கிடைத்தது’ என்று இருந்தால் அது முந்தைய ஆண்டு டிசம்பர் 28. ஆரம்பத்தில் ‘அல்ட்’ என்பதை நான் ஏதோ ஊர்ப்பெயர்ச் சுருக்கம் என்று நினைத்து, பத்துப் பதினைந்து கடிதங்களை ஒன்றுக்கொன்று பதில் என்று தப்பாகக் கோத்து வைத்தேன். பிரித்துச் சரிசெய்ய ஒரு வாரம் போனது.

ஆறாம் படி: வழக்குக் கட்டுகள்

நம் ஊரில் வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருந்தவர்களுக்கு இந்தப் பகுதி சுலபம். கட்டு மூன்றாக மடிக்கப்பட்டு, மடிப்பின் வெளிப்புறத்தில் கட்சிக்காரர் பெயர், கோர்ட், தாக்கல் தேதி எழுதியிருக்கும். முதலில் அந்தக் குறிப்புகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துவிடுங்கள். பாதி வேலை முடிந்தது.

சொற்களில் ஜாக்கிரதை. ‘எக்ஸிகியூஷன்’ என்று பார்த்ததும் தூக்குத் தண்டனை என்று பதற வேண்டாம். நம் சிவில் கோர்ட்டில் ஈ.பி. போடுகிறோமே, அதே சங்கதி: தீர்ப்பான பணத்தை வசூலிக்கும் உத்தரவு. ‘கன்ஃபெஷன்’ என்றால் கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு தீர்ப்புக்கு இணங்கியது. குற்றம் எதுவும் இல்லை. ‘இன்ஃபன்ட்’ என்றால் மைனர். இருபது வயது இளைஞனையும் அப்படித்தான் எழுதுவார்கள். ‘ரெலிக்ட்’ என்றால் கைம்பெண். ‘அசம்ப்சிட்’ வழக்குகள் மலைபோல் இருக்கும். கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காத பணம் பற்றியவை. ‘ரெப்ளெவின்’ என்றால் எடுத்துக்கொண்டு போன மாட்டையோ வண்டியையோ திருப்பிக் கேட்பது. ‘சான்சரி’ என்று தலைப்பிட்டிருந்தால் அது தனிப் பாதை. விவாகரத்து, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அந்தப் பக்கம்.

பெண்களின் பெயரில் சொத்து வழக்கே காணோமே என்று தோன்றினால் ஆண்டைப் பாருங்கள். மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள இல்லினாயில் சட்டம் வந்தது 1861-இல். அதற்கு முன் மனைவியின் விவகாரங்கள் பெரும்பாலும் கணவன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

நீதிபதியின் டாக்கெட் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். வழக்குப் பெயர், வக்கீல்கள், உத்தரவு, எல்லாம் ஒற்றை வரிதான். ஆனால் கையெழுத்து மாறும் இடம் முக்கியம். டேவிஸால் உட்கார முடியாத நாட்களில் சில சமயம் லிங்கனே நீதிபதி இருக்கையில் அமர்ந்தார். அது தெரியவந்தது எப்படி என்றால், டேவிஸின் டாக்கெட் வரிகளுக்கு நடுவே லிங்கனின் கையெழுத்து இருந்ததால்தான்.

ஏழாம் படி: நிலக் காகிதம்

டேவிஸ் நிலத்தில் பெரும் சொத்துச் சேர்த்தவர். அந்தக் காலத்து அமெரிக்க மேற்குப் பகுதி வக்கீல்கள் பலர் அப்படித்தான். ‘தென்கிழக்குக் கால், வடமேற்குக் கால், பிரிவு 22, டவுன்ஷிப் 23 வடக்கு, ரேஞ்ச் 2 கிழக்கு, மூன்றாம் முதன்மை மெரிடியன்’ என்று ஒரு பத்திரத்தில் இருந்தால் கடைசியிலிருந்து முன்னால் படியுங்கள். மெரிடியன் தெற்கு வடக்காக ஓடும் அடிப்படைக் கோடு. டவுன்ஷிப்பும் ரேஞ்சும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒன்றைக் காட்டும். அதற்குள் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் ஏர்மாடு திரும்புவது போலத் திரும்பிக் கிழக்கே வரும். பிரிவில் கால் 160 ஏக்கர், அதில் கால் 40 ஏக்கர். ஆக மேற்படி பத்திரம் 40 ஏக்கருக்கானது. சர்வே எண், உட்பிரிவு எண் பார்த்துப் பட்டா தேடிய அனுபவம் இருந்தால் அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

எட்டாம் படி: பெட்டிக்கு வெளியே

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். டேவிஸ் லிங்கனுக்கு எழுதிய கடிதங்களும் தந்திகளும் டேவிஸின் பெட்டியில் இருக்காது. லிங்கனின் காகிதங்களில் இருக்கும். அந்தக் காகிதங்களின் கதையே டேவிஸ் வீட்டோடு பின்னியது. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டதும் மூத்த மகன் ராபர்ட் முதலில் நாடியது டேவிஸைத்தான். வெள்ளை மாளிகையிலிருந்த காகிதங்கள் புளூமிங்டனுக்கு வந்து டேவிஸின் பொறுப்பில் இருந்தன. 1874-இல் லிங்கனின் முன்னாள் செயலாளர்கள் இருவர் வரலாறு எழுதுவதற்காக வாஷிங்டனுக்குத் திரும்பிப் போயின. ராபர்ட் பின்னாளில் அவற்றைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார், தான் இறந்து 21 ஆண்டு ஆகும்வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. திறந்தது 1947 ஜூலை 26. அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களைப் படிக்கும்போது, எழுதியவர் இந்தக் கடிதங்களைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

தந்தி பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பெறப்பட்ட தந்தி, தந்தி அலுவலக ஊழியரின் கையெழுத்தில் இருக்கும். 1860 மே மாதம் சிகாகோவிலிருந்து டேவிஸ் அனுப்பியதை வைத்து அவருடைய கையெழுத்தைப் பழக முயலாதீர்கள்.

லிங்கன் உயில் எழுதாமலே போய்விட்டார். வக்கீல் வீட்டில் உயில் இல்லை; நம் ஊரில் இதற்கென்றே ஒரு சிரிப்பு உண்டு. டேவிஸ் சொத்து நிர்வாகியாக இருந்து, 1867 நவம்பரில் சுமார் 1,10,000 டாலரை லிங்கனின் மனைவி மேரி, மகன்கள் ராபர்ட், டாட் மூவருக்கும் தலைக்கு 36,991 டாலர் 54 சென்ட் வீதம் பிரித்தார். தனக்குச் சேர வேண்டிய கட்டணத்தை வாங்கவில்லை. இந்த ஒரு விவகாரத்தைப் பின்தொடர நான்கு இடம் போக வேண்டும்: நிர்வாகி கணக்குக் காட்டிய சாங்கமன் கவுண்டி கோர்ட், டேவிஸ் பெட்டி, ராபர்ட்டின் கடிதங்கள், மேரியின் கடிதங்கள். மேரிக்கு டேவிஸ் மேல் வருத்தம் உண்டு. ராபர்ட்டுக்கு அவர் அப்பா மாதிரி. ஒரே ரசீதை இரண்டு பேர் எப்படிப் பார்த்தார்கள் என்பது ஒரே பெட்டியில் தெரியாது.

உச்ச நீதிமன்றக் காலத்துக்கும் இதே கதை. இராணுவ நீதிமன்றம் சாதாரணக் குடிமகனை விசாரிக்கலாமா என்ற 1866-ஆம் ஆண்டு மில்லிகன் தீர்ப்பை எழுதியவர் டேவிஸ். தீர்ப்பு அச்சில் இருக்கிறது, வழக்கின் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில். வீட்டுப் பெட்டியில் நீங்கள் தேட வேண்டியது, அந்த மாதங்களில் அவர் உறவினர்களுக்கு என்ன எழுதினார் என்பதை.

படிக்கும் அறையில்

பை, பேனா வெளியே. பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, உள்ளே உள்ள வரிசையைக் கலைக்கக் கூடாது. காகிதத்துக்கு வெள்ளைக் கையுறை வேண்டியதில்லை, கழுவித் துடைத்த கை போதும். கையுறை போட்டால்தான் ஓரம் கிழியும். படம் எடுக்க அனுமதி உண்டென்றால் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் தெரியும் லேபிளாக இருக்கட்டும். கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தாலும் எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ‘பின்பக்கம் ஏதாவது இருந்ததா’ என்ற சந்தேகம் வந்தால் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மறுபடி டிக்கெட் போட முடியாது.

அவ்வளவு தூரம் போகாமலே பழக வேண்டுமா? காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் காகிதங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பல கடிதங்களுக்குப் படித்து எழுதிய வடிவமும் பக்கத்திலேயே உண்டு. டேவிஸின் பெயரைப் போட்டுத் தேடி, ஒரு கடிதத்தை எடுத்து, அந்த வடிவத்தை மூடிவிட்டு நீங்களாகவே எழுதிப் பாருங்கள். முடித்தபின் திறந்து ஒப்பிடுங்கள். முதல் கடிதத்தில் இருபது தப்பு வரும். ஐந்தாவது கடிதத்தில் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.